வெள்ளைச் சோறும் வடிகஞ்சியும்: வயிறு நிறைஞ்சும் செத்துப்போன சிப்பாய்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஆற்காட்டில் கிளம்பி, ஜப்பான், ஜாவா, மலாயா வழியா ஈராக் வரைக்கும் போகப் போறோம். கையில் ஒரே ஒரு கேள்விதான். போர்முனையில் இருக்கிற சிப்பாய்க்கு என்ன சாப்பாடு கொடுக்கணும்?

ரொம்பச் சாதாரணமான கேள்வி மாதிரி இருக்கு, இல்லையா? ஆனால் இதற்குத் தப்பான பதில் சொன்னதால் செத்தவர்கள் பல ஆயிரம் பேர். பட்டினி கிடந்து செத்ததாக நினைச்சுக்காதீங்க. மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டவர்களும் அதில் உண்டு.

முதலில் ஆற்காடு. வருஷம் 1751. ராபர்ட் கிளைவ் ஒரு சின்னப் படையோடு ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். வெளியே சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படை. முற்றுகை சுமார் 50 நாள் நீடித்தது. உள்ளே அரிசி குறைந்துகொண்டே வருகிறது. அப்போ இந்தியச் சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துடுங்க, வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்னு சொன்னதாக ஒரு கதை. 19-ஆம் நூற்றாண்டில் மால்கமும் மெக்காலேயும் இதை எழுதிப் பிரபலமாக்கினார்கள். சம்பவம் நடந்து கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து எழுதியது என்பதால், இது நிஜமாகவே நடந்ததா என்ற சந்தேகம் வரலாற்று ஆசிரியர்களுக்கு உண்டு. விசுவாசமான சிப்பாய் என்ற படத்தைக் காட்ட இது ரொம்ப வசதியான கதையும்கூட.

கதை நிஜமோ பொய்யோ, சோறு யாருக்கு, கஞ்சி யாருக்கு என்பதை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. கடைசியில் இங்கேயே திரும்பி வருவோம்.

கெடக்கூடாது, அவ்வளவுதான்

ரொம்ப காலம் படைகளுக்கு இருந்த தலைவலி ஒன்றே ஒன்றுதான்: சாப்பாடு கெட்டுப்போகக் கூடாது. ரோமானியச் சிப்பாய்களுக்குக் கோதுமையாகவே கொடுத்துவிடுவார்கள். எட்டுப் பேர் ஒரு கூடாரம், ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு கைத்திரிகை. அரைத்துச் சுட்டுக்கொள்ள வேண்டியது அவர்கள் பாடு. பிறகு வந்த படைகளில் உப்புக்கண்டமும் கல் மாதிரி பிஸ்கெட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் அந்த பிஸ்கெட்டைக் காப்பியில் ஊறவைப்பார்கள். பிஸ்கெட் மெத்தென்று ஆகும், உள்ளே இருந்த புழுவும் மேலே மிதந்து வந்துவிடும். எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள்.

1810-ல் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு சமையல்காரருக்கு அந்த நாட்டு அரசு 12,000 பிராங்க் கொடுத்தது. உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, மூடி, கொதிநீரில் போட்டு வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்பது அவர் கண்டுபிடித்த வழி. ஏன் கெடாமல் இருக்குன்னு அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து கிருமியைப் பற்றி விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆகணும். அதே 1810-ல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். டின் திறப்பான் வரத்தான் இன்னும் 40 வருஷத்துக்கு மேல் ஆனது! அதுவரை உளியும் சுத்தியும்தான். சிப்பாய் என்றால் துப்பாக்கிமுனைக் கத்தி.

ஆக, கெடாத சாப்பாடு கிடைத்துவிட்டது. பிரச்சினை முடிஞ்சதா? கெடாத சாப்பாடும் ஆளைக் கொல்லும்.

ராணுவத்துக்கு வா, வெள்ளைச் சோறு போடறோம்

நம்ம தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் காலத்தில் நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான், மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களியும் கம்மங்கூழும்தான் என்று. 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிலும் இதே கதை. கிராமத்து விவசாயி பார்லியும் சிறுதானியமும் சாப்பிட்டான். தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசி பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம், நகரத்துச் சமாச்சாரம்.

ஜப்பான் நவீன ராணுவத்தைக் கட்டியபோது சிப்பாய்க்குக் கொடுத்த பெரிய மரியாதையே வெள்ளைச் சோறுதான். ஒரு நாளைக்கு ஆறு 'கோ' அரிசி. நம்ம கணக்கில் சுமார் 900 கிராம். ஒரு ஏழைக் குடியானவன் வீட்டுப் பையனுக்கு இது கனவு மாதிரி. தொட்டுக்கொள்ளத்தான் பெரிதாக ஒன்றும் இருக்காது.

கூடவே ஒரு நோயும் வந்தது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு வீங்கும். நடந்தால் மூச்சு வாங்கும். ஒருநாள் இதயம் நின்றுவிடும். பெரிபெரி. தலைநகர் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போனால் வரும், ஊருக்குத் திரும்பினால் சரியாகும் என்பதால் இதற்கு 'எடோ நோய்' என்றே பெயர் இருந்தது. மெய்ஜி பேரரசரே இதில் கஷ்டப்பட்டவர்.

இப்போ ஒரு டாக்டர் உள்ளே வருகிறார். பெயர் தகாகி கனேஹிரோ, கடற்படை மருத்துவர். லண்டனில் படித்துவிட்டு 1880-ல் ஊர் திரும்பியவர். அதிகாரிகளுக்கு இந்த நோய் அவ்வளவாக வருவதில்லை, சாதாரண மாலுமிகளுக்குத்தான் வருகிறது என்பதைக் கவனித்தார். கப்பல் ஒன்று, காற்று ஒன்று, தண்ணீர் ஒன்று. சாப்பாடு மட்டும்தான் வேற.

1883-ல் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பியது. கப்பலில் 376 பேர். 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் செத்தே போனார்கள். தகாகி விடவில்லை. அடுத்த வருஷம் 'த்சுகுபா' என்ற கப்பலை அதே பாதையில் அனுப்ப வைத்தார். சாப்பாட்டை மட்டும் மாற்றினார்: அரிசியைக் குறைத்து இறைச்சி, மீன், ரொட்டி, பால். நோய் வந்தது 14 பேருக்குத்தான். சாவு ஒன்றுகூட இல்லை. அந்த 14 பேரிலும் பலர் புதுச் சாப்பாடு பிடிக்காமல் ஒதுக்கியவர்கள்.

கடற்படை உடனே மாறியது. அரிசியில் பார்லி கலந்தார்கள், பெரிபெரி அடங்கியது. இறைச்சியும் காய்கறியும் ஒரே தட்டில் சோற்றோடு போகணும் என்று தேடியபோது பிரிட்டிஷ் கடற்படையின் கறிக் குழம்பு கைகொடுத்தது. ஜப்பான் கடற்படையில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்றால் கறி ரைஸ்தான்.

தரைப்படை மட்டும் மாறவே இல்லை. ஏன்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. காசநோய்க்கும் காலராவுக்கும் கிருமிதான் காரணம் என்று ஜெர்மனியில் ராபர்ட் கோக் அப்போதுதான் நிரூபித்துக்கொண்டிருந்தார். தரைப்படை மருத்துவர்கள் ஜெர்மன் வழியில் படித்தவர்கள். பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பினார்கள். அவர்களில் ஒருவர் மோரி ஓகாய். ஜப்பானின் மிகப்பெரிய எழுத்தாளர்களில் ஒருவர், அவரேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. தகாகி சொன்ன விளக்கம் தப்பு! புரதம் குறைவதால் இந்த நோய் வருகிறது என்றார் அவர். பார்லியில் என்ன இருக்கு, அது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டால் அவரிடம் சரியான பதில் இல்லை. விளக்கம் சரியில்லை, அதனால் மருந்தும் சரியில்லை என்று தரைப்படை ஒதுக்கிவிட்டது. இத்தனைக்கும் பார்லி கலந்த சோறு போட்ட சிறைச்சாலைகளிலேயே பெரிபெரி குறைந்துகொண்டிருந்தது. கைதி பிழைத்தான், வெள்ளைச் சோறு கிடைத்த சிப்பாய் செத்தான்.

1894-95-ல் சீனாவோடு போர். அதில் பெரிபெரியால் மட்டும் சுமார் 4,000 ஜப்பானியச் சிப்பாய்கள் இறந்தார்கள். சண்டையில் செத்தவர்களைவிட இது பல மடங்கு. 1904-05-ல் ரஷ்யாவோடு போர். இந்த முறை நோய் வந்தவர்கள் சுமார் 2,50,000 பேர். இறந்தவர்கள் சுமார் 27,000 பேர். 1905-ல், போர் முடியப்போகும் நேரத்தில்தான், தரைப்படையும் அரிசியில் பார்லி கலக்க உத்தரவு போட்டது. த்சுகுபா கப்பல் கிளம்பி 21 வருஷம் ஆகியிருந்தது.

கோழிக்கு எதுக்கு ராணுவ அரிசி?

சரி, பார்லியில் அப்படி என்னதான் இருந்தது? பதில் ஜாவாவில், ஒரு கோழிக்கூட்டில் கிடைத்தது. இதுவும் ஒரு ரேஷன் கதைதான்.

கிறிஸ்டியான் ஐக்மான், டச்சு ராணுவ மருத்துவர். இவரும் பெரிபெரிக் கிருமியைத்தான் தேடிக்கொண்டிருந்தார், படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில். ஆராய்ச்சிக்கு வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாட ஆரம்பித்தது. ஊசி போட்ட கோழி, போடாத கோழி எல்லாவற்றுக்கும். சில மாதங்கள் கழித்து அவை தானாகவே தேறின.

விசாரித்தால் விஷயம் சமையல்கட்டில் இருந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சமையல்காரர் மாறினார். புதுசாக வந்தவர் கறார் பேர்வழி. சிவில் கோழிகளுக்கு எதற்கு ராணுவ அரிசி என்று நிறுத்திவிட்டார்! கோழிகள் தீட்டாத சாதா அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. ஐக்மானே பின்னாளில் தன் நோபல் உரைக்காக இதை எழுதியிருக்கிறார். பரிசு வந்தது 1929-ல்.

தவிட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது, தீட்டும்போது அது போய்விடுகிறது. அந்த ஏதோ ஒன்றுதான் தயமின், வைட்டமின் பி1. 'வைட்டமின்' என்ற சொல்லே 1912-ல் கசிமிர் ஃபுங்க் உருவாக்கியது.

இங்கே நம்ம ஆட்களும் வருகிறார்கள். மலாயாவில் 1900-களின் தொடக்கத்தில் சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. பக்கத்திலேயே வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. காரணம், அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் நிறைய மிச்சம் இருக்கும். கோலாலம்பூரில் மனநல விடுதி ஒன்றில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இரண்டு அரிசியையும் கொடுத்துச் சோதித்துப் பார்த்து, 1907-ல் வெளியிட்டார். பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள்.

கூட் நகரம், 147 நாள்

இப்போ ஈராக். அப்போ மெசபடோமியா. முதல் உலகப் போர். ஜெனரல் டவுன்ஷெண்டின் கீழே இருந்த ஆறாவது பூனா டிவிஷன் பாக்தாத்தைப் பிடிக்கப் போய், தோற்றுப் பின்வாங்கி, டைக்ரிஸ் நதி வளைவில் இருக்கிற கூட் நகரத்தில் 1915 டிசம்பரில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் துருக்கியப் படை. மாட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

ஒரே ஊர், ஒரே முற்றுகை. ஆனால் ரேஷன் இரண்டு விதம். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வெள்ளை மாவு ரொட்டியும் இறைச்சியும். இந்தியச் சிப்பாய்க்குத் தவிட்டோடு அரைத்த ஆட்டா. காய்கறி யாருக்கும் கிடையாது. கையிருப்பு இறைச்சி தீர்ந்ததும் படையின் குதிரைகளையே வெட்ட ஆரம்பித்தார்கள்.

நோய்களும் இரண்டாகப் பிரிந்தன. வெள்ளை ரொட்டி சாப்பிட்ட பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெரிபெரி வந்தது. ஆட்டா சாப்பிட்ட இந்தியர்களுக்கு அது வரவில்லை. மாறாக அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது: ஈறு வீங்கி ரத்தம் வரும், மூட்டு வலிக்கும், பழைய காயமெல்லாம் ஆறாமல் திறந்துகொள்ளும். வைட்டமின் சி இல்லாததால் வருவது. பிரிட்டிஷ்காரர்களுக்கு ஸ்கர்வி அவ்வளவாக வராததற்குக் காரணம், அவர்கள் சாப்பிட்ட குதிரைக்கறி. புதிதாக வெட்டிய இறைச்சியில் கொஞ்சம் வைட்டமின் சி உண்டு. கடைசியில் வெள்ளை மாவு தீர்ந்து, பிரிட்டிஷ்காரர்களுக்கும் பார்லியும் ஆட்டாவும் கலந்து கொடுக்க வேண்டி வந்தது. அவர்களுடைய பெரிபெரி அதோடு அடங்கியது. நல்ல மாவு தீர்ந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது!

இந்தியர்கள் ஏன் குதிரைக்கறி சாப்பிடவில்லை? மதம் ஒரு காரணம். டவுன்ஷெண்ட் கம்பியில்லாத் தந்தி மூலம் இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியை வாங்கினார். அப்போதும் பெரும்பாலானவர்கள் மறுத்தார்கள். இங்கே உயிர் பிழைத்து ஊருக்குப் போனால் அங்கே என்ன சொல்வார்கள் என்ற பயம் அது. சேர்த்துக்கொள்வார்களா? பொண்ணு கொடுப்பார்களா? தந்தியில் வந்த அனுமதி கிராமத்துத் திண்ணை வரைக்கும் செல்லுபடியாகுமா? நான்கு மாதம் தாங்கினார்கள். ஏப்ரலில், உடம்பு முழுக்கத் தளர்ந்த பிறகுதான், நிறையப் பேர் சாப்பிடத் தொடங்கினார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

வெளியே இருந்து எல்லாம் செய்து பார்த்தார்கள். விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டார்கள். முற்றுகையில் சிக்கிய ஒரு படைக்கு வானிலிருந்து சாப்பாடு போட நடந்த முதல் பெரிய முயற்சி அதுதான். மூட்டைகள் சில ஆற்றில் விழுந்தன, சில துருக்கியர் பக்கம் விழுந்தன. 'ஜுல்னார்' என்ற கப்பல் 270 டன் பொருட்களோடு ஆற்றில் வந்து, கூட்டுக்குப் பக்கத்தில் சிக்கிக்கொண்டது. 1916 ஏப்ரல் 29-ல், 147-வது நாள், சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அப்புறம் சிறைப்பயணம், பாலைவன நடை. தளர்ந்துபோயிருந்த அந்த உடம்புகளில் பல ஆயிரம் அதிலேயே விழுந்தன.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குக் குடைச்சல் கொடுக்கிற விஷயம் இது. அந்தப் படைக்கு வேண்டிய தானியத்தை எத்தனை டன், எத்தனை நாளைக்கு என்று கச்சிதமாகக் கணக்குப் போட்டார்கள். தட்டில் வைத்ததை இவன் சாப்பிடுவானா என்ற கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. இந்தியச் சிப்பாய் போர்முனையில் இல்லாத நாட்களில் தன் சாப்பாட்டுச் செலவைத் தன் சம்பளத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்க. 1917-ல்தான் எல்லா நாளும் இலவச ரேஷன் வந்தது.

ஒரு நல்ல விஷயமும் அந்தப் போரிலேயே நடந்தது. லண்டனில் லிஸ்டர் நிறுவனத்தில் ஹேரியட் சிக் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் சோதனை செய்து காட்டினார்கள்: காய்ந்த பயறு ஸ்கர்வியைத் தடுக்காது, அதையே ஊறவைத்து முளைகட்டினால் தடுக்கும். மூட்டையில் கெடாமல் வரும், முளைகட்டினால் காய்கறி மாதிரி வேலை செய்யும், எந்தச் சிப்பாயும் வேண்டாம்னு சொல்லவும் மாட்டான்.

எலுமிச்சைப் பொடியை என்ன பண்ணாங்க?

இரண்டாம் உலகப் போருக்குள் வைட்டமின் எல்லாம் தெரிந்துவிட்டது. இனி தப்பு நடக்காதுன்னு நினைப்பீங்க. அமெரிக்காவின் கே-ரேஷனைப் பாருங்க. ஆன்செல் கீஸ் என்ற உடலியல் விஞ்ஞானி வடிவமைத்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று சின்னப் பெட்டி. சில நாள் சண்டைக்கு மட்டும் என்றுதான் செய்தார்கள். 1944-ல் பர்மாக் காட்டில் மெரில் தலைமையில் போன படை மாதக்கணக்கில் அதையே தின்று எலும்பும் தோலுமாக ஆனது.

அந்தப் பெட்டியில் வைட்டமின் சி முக்கியமாக எலுமிச்சைப் பொடியில் இருந்தது. புளிப்பு தாங்காமல் நிறையப் பேர் அதைத் தூக்கிப் போட்டார்கள். தரை துடைக்க நல்லா இருக்குன்னு கிண்டல் வேறு. காகிதத்தில் பார்த்தால் சத்து சரியாக இருக்கிறது. சிப்பாயின் உடம்பில் இல்லை.

இன்றைக்கு ராணுவ உணவு ஆய்வகங்கள் சுவைக்கும் அலுப்புக்கும் தனியாக மெனக்கெடுவது இதனால்தான். மைசூரில் 1961-ல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி, பையோடு சூடு பண்ணிச் சாப்பிடும் புலாவ், சூஜி அல்வா எல்லாம் செய்தது. அப்பேரின் பாட்டிலுக்குப் பதிலாக மடங்குகிற பை. தத்துவம் அதேதான். வித்தியாசம், உள்ளே இருப்பது சாப்பிடப் போகிறவனுக்குப் பழகிய சாப்பாடு.

திரும்பவும் ஆற்காடு

சொன்ன மாதிரி திரும்பி வந்துட்டோம். தயமின் தண்ணீரில் கரையும். சோறு வடிக்கும்போது அரிசியில் இருக்கிற தயமினில் ஒரு நல்ல பங்கு கஞ்சியோடு போய்விடும். அப்போ அந்தக் கதை நிஜமாக இருந்தால், கிளைவின் வெள்ளைக்காரர்களுக்குக் கலோரி போனது, சிப்பாய்களுக்கு வைட்டமின் போனது. 50 நாளில் யாருக்கும் பெரிதாக வித்தியாசம் தெரிந்திருக்காது. கஞ்சித்தண்ணியை மட்டும் குடித்து யாரும் சண்டை போடவும் முடியாது. அதனால் இதைத் தியாகத்துக்குக் கிடைத்த பரிசுன்னு வாட்ஸ்அப்பில் அனுப்பிடாதீங்க, ப்ளீஸ்!

தரைப்படை டாக்டர்களை நினைச்சுத்தான் எனக்கு வருத்தம். கையில் கப்பல் கணக்கு இருந்தது, சிறைக் கணக்கு இருந்தது. விளக்கம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள், ஒரு தட்டு வெள்ளைச் சோற்றுக்கு ஆசைப்பட்டு ஊரைவிட்டு வந்த பையன்கள்.

இன்னைக்கு ராத்திரி வீட்டில் சோறு வடித்தால் அந்தக் கஞ்சியை ஊற்றிவிடாதீங்க. கொஞ்சம் உப்பு போட்டுக் குடிச்சுப் பாருங்க. உங்க பாட்டி ராணுவத்தில் இருந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே குடிங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.